பிளாஷ் போட்டதும் படம் கெட்டுப்போகிறதா? குறையைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

கேமரா வாங்கிய புதிதில் எல்லோரும் பிளாஷ் போட்டுத்தான் எடுக்கிறார்கள். கேக் வெட்டும் குழந்தையின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வரும். பின்னால் நின்ற தாத்தா இருட்டில் காணாமல் போயிருப்பார். சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல் விழுந்திருக்கும். இரண்டு மூன்று விசேஷங்களில் இப்படி ஆனதும் பிளாஷை மடக்கி வைத்துவிட்டு, ‘எனக்கு நேச்சுரல் லைட்தான் பிடிக்கும்’ என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஜன்னல் வெளிச்சம் அழகுதான், மறுப்பில்லை. ஆனால் இரவு ஏழு மணிக்கு ஒரே ஒரு டியூப் லைட் எரியும் கூடத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எங்கே போவது? அங்கே ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் திறன்) 12800-ல் எடுத்துப் புள்ளி புள்ளியாய் வரும் படத்தைவிட, ஒழுங்காக அடித்த பிளாஷ் படம் பல மடங்கு மேல்.

கீழே ஒவ்வொரு குறையும் படத்தில் எப்படித் தெரியும், ஏன் வருகிறது, என்ன செய்தால் போகும் என்று இருக்கிறது. உங்கள் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பொருந்தும் பகுதியிலிருந்து படிக்கலாம். அதற்கு முன் ஒரு விஷயம் மட்டும் மனதில் பதிய வேண்டும். இது புரிந்தால் கீழே உள்ளவற்றில் பாதி தானாகவே புரியும்.

ஒரே படத்தில் இரண்டு வெளிச்சங்கள்

பிளாஷ் வெடித்து அணைய ஆயிரத்தில் ஒரு வினாடி போதும். சக்தியைக் குறைத்தால் அதைவிடவும் சீக்கிரம் முடிந்துவிடும். ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தாலும் 1/200 வினாடி திறந்திருந்தாலும் உள்ளே வரும் பிளாஷ் வெளிச்சம் ஒரே அளவுதான். ஆகவே ஷட்டர் ஸ்பீடு பிளாஷ் வெளிச்சத்தைத் தொடாது. அறையில் ஏற்கனவே இருக்கும் வெளிச்சத்தை மட்டுமே கூட்டிக் குறைக்கும். அப்பர்ச்சரும் (லென்ஸ் துவாரத்தின் அளவு; எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது) ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்தே மாற்றும். பிளாஷின் சக்தியும் அது நிற்கும் தூரமும் பிளாஷை மட்டும் மாற்றும்.

வீட்டுக்குள் எடுக்கத் தொடக்க அமைப்பு: மேனுவல் மோடு, எஃப்/4 அல்லது உங்கள் கிட் லென்ஸ் தரும் மிகப் பெரிய அப்பர்ச்சர், ஷட்டர் 1/80, ஐஎஸ்ஓ 800. முதலில் பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அறை இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் மங்கலாக, ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாவது ஒரு ஸ்டாப்) குறைவாக வர வேண்டும். அதற்கேற்ப ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்குங்கள். பிறகு பிளாஷை டிடிஎல்-ல் (கேமராவே பிளாஷின் அளவைத் தீர்மானிக்கும் முறை) போட்டு அடுத்த படம். முகம் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் பிளாஷ் காம்பென்சேஷனை (அந்த அளவை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி) மட்டும் மாற்றுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

முகம் வெளுத்து, தட்டையாக, நெற்றி பளபளக்கிறது

பிளாஷ் வேண்டாம் என்று சொல்லும் பத்தில் ஒன்பது பேர் பார்த்தது இந்தக் குறையைத்தான். இதில் மூன்று வேறு வேறு கோளாறுகள் கலந்திருக்கின்றன, பிரித்துப் பார்க்க வேண்டும்.

முகத்தின் விவரமே போய் வெள்ளையாக இருந்தால் அது அளவுக் கோளாறு. முகம் சின்னதாகவும் பின்னணி இருட்டாகவும் இருக்கும்போது கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து அதிகமாக அடிக்கிறது. பிளாஷ் காம்பென்சேஷனை −0.7 அல்லது −1 வையுங்கள். அரை மீட்டர் தூரத்தில் குழந்தையை எடுக்கிறீர்கள், ஐஎஸ்ஓ 3200-ல் இருக்கிறது என்றால், பிளாஷ் தன் மிகக் குறைந்த சக்திக்குப் போனாலும் அது அதிகம்தான். ஐஎஸ்ஓவை இறக்குங்கள் அல்லது ஒன்றரை மீட்டர் பின்னே போய் ஜூம் செய்யுங்கள்.

விவரம் இருக்கிறது, ஆனால் முகம் பாஸ்போர்ட் படம் போலத் தட்டையாக இருக்கிறது என்றால் அது திசைக் கோளாறு. மூக்கு, கன்னம், தாடை எல்லாம் உருண்டையாகத் தெரிவதற்குக் காரணம் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மெல்லிய நிழலும். பாப்-அப் பிளாஷ் (கேமராவிலேயே இருந்து மேலே எழும்புவது) லென்ஸுக்கு மேலே சில அங்குல உயரத்தில்தான் இருக்கிறது. லென்ஸ் பார்க்கும் அதே திசையிலிருந்து அடித்தால் நிழல் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எந்த செட்டிங்கை மாற்றினாலும் இது போகாது. வெளிச்சம் வரும் திசையை மாற்றினால்தான் போகும். அடுத்த பகுதி அதற்குத்தான்.

பளபளப்பு வேறு கதை. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் உள்ள தோல் கண்ணாடி போல வேலை செய்து, சின்ன பல்பை அப்படியே திருப்பிக் காட்டுகிறது. பல்ப் சின்னதானால் பளபளப்பு சின்னதாக, கூர்மையாக, வெள்ளைப் புள்ளியாக இருக்கும். அதே வெளிச்சம் பெரிய சுவரிலிருந்து வந்தால் பளபளப்பு பரவி மென்மையாகிவிடும். படம் எடுக்குமுன் டிஷ்யூ பேப்பரால் நெற்றியையும் மூக்கையும் ஒற்றி எடுக்கச் சொன்னாலே பாதி சரியாகும்.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று: கறுத்த தோலை வெளுக்க வைப்பது சரியான எக்ஸ்போஷர் ஆகாது. கறுத்த நிறம் உள்ளவரைப் படம் எடுக்கும்போது பிளாஷைக் கூட்டினால் தோல் சாம்பல் பூத்து உயிரில்லாமல் போகும். அதே ஆளைப் பக்கவாட்டுச் சுவர் வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். கன்னத்தின் மேட்டில் விழும் மினுக்கம் முகத்தின் வடிவம் முழுவதையும் வரைந்துவிடும், நிறமும் நிறமாகவே இருக்கும்.

பவுன்ஸ்: சீலிங்கில் அடித்து எடுப்பது

தலையைத் திருப்பக்கூடிய தனி பிளாஷ் ஒன்று இருந்தால் மேலே சொன்னதில் பெரும்பகுதி தீரும். லென்ஸ் வாங்கும் காசில் ஒரு பங்கை முதலில் இதற்குச் செலவிடலாம் என்பது உறுதியான சிபாரிசு. பிளாஷின் தலையை முகத்தை நோக்கி வைக்காமல் வெள்ளைச் சீலிங்கை நோக்கி வைக்கிறோம். இப்போது வெளிச்சம் தருவது தீப்பெட்டி அளவு பல்ப் இல்லை, நாலடிக்கு நாலடி சீலிங் பரப்பு.

‘செய்து பார்த்தேன், படம் இருட்டாக வந்தது’ என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். சாதாரண வீட்டுச் சீலிங் பத்தடி, அதாவது 3 மீட்டர். பிளாஷ் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆள் 2 மீட்டர் தள்ளி நிற்கிறார். வெளிச்சம் மேலே போய் முட்டிக் கீழே வரும் பாதை சுமார் 3.5 மீட்டர். கைடு நம்பர் (பிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்; தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும்) 36 உள்ள பிளாஷை முழுச் சக்தியில் நேராக அடித்தால் அந்தத் தூரத்துக்கு ஐஎஸ்ஓ 100-ல் எஃப்/10 கிடைக்கும். சீலிங்கில் பட்டுச் சிதறுவதில் இரண்டு ஸ்டாப் போய்விடுகிறது, மிஞ்சுவது எஃப்/5. ஐஎஸ்ஓ 100-லேயே பிடிவாதமாக இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் பிளாஷ் முழுச் சக்தியையும் கொட்ட வேண்டும். அதையே ஐஎஸ்ஓ 800 ஆக்கினால் 1/8 சக்தி போதும். பாட்டரி தாங்கும், அடுத்த படத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். பவுன்ஸ் செய்யத் தெரியாமல் தோற்றவர்களில் பெரும்பாலோர் ஐஎஸ்ஓவை ஏற்றப் பயந்தவர்கள்தான்.

தலையை எந்தக் கோணத்தில் வைப்பது? நேர் மேலே 90 டிகிரியில் வைத்து ஆளுக்குப் பக்கத்தில் நின்றால் வெளிச்சம் உச்சந்தலையில் விழுந்து கண்குழி இரண்டும் கறுத்துவிடும். 60 முதல் 75 டிகிரியில் இருக்குமாறு முன்னே சாய்த்தால் பரவாயில்லை. அதைவிட நல்ல வழி, தலையைப் பக்கவாட்டில் திருப்பி உங்கள் தோளுக்குப் பின்னால் உள்ள வெள்ளைச் சுவரில் அடிப்பது. முதல்முறை செய்பவருக்கு இது முட்டாள்தனமாகத் தோன்றும், ஆள் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அடிக்கிறோமே என்று. படத்தைப் பார்த்ததும் ஜன்னலோரம் எடுத்தது போல இருக்கும். பிளாஷ் தலைக்குள்ளிருந்து இழுக்கும் வெள்ளை அட்டையை வெளியே விட்டால் கண்ணில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி விழும். கண்ணுக்கு உயிர் வரும்.

பவுன்ஸில் முகம் பச்சையாகவோ ரோஸாகவோ வந்தால் சுவரின் பெயின்ட்தான் காரணம். பிஸ்தா பச்சைச் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் பிஸ்தா பச்சைதான். கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் பலகை, இரண்டடிக்கு மூன்றடி, ஒன்று வாங்கி யாரையாவது பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி அதில் அடியுங்கள். ஷாமியானாப் பந்தலில் பவுன்ஸ் வேண்டவே வேண்டாம். பாதி வெளிச்சம் துணியைத் தாண்டி வெளியே போகும், திரும்பி வருவது சிவப்பும் மஞ்சளுமாக வரும்.

கல்யாண மண்டபத்தில் சீலிங் இருபதடி இருக்கும். பாதை 9 மீட்டர் ஆகிவிடும், ஆறு ஏழு மடங்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். சீலிங் வெள்ளையாக இருந்தால் ஐஎஸ்ஓ 3200, கால் பங்கு சக்தி என்று முயலலாம். கறுத்த மரப் பலகையோ வண்ண அலங்காரமோ இருந்தால் மண்டபத்தில் பவுன்ஸ் இல்லை. பிளாஷைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து எரியவைக்க ஒரு டிரிக்கர், ஒரு ஸ்டாண்டு, நாற்பது அங்குல வெள்ளைக் குடை. இதை மேடைக்கு ஓரமாக ஆளிலிருந்து இரண்டு மீட்டரில் வைத்துக்கொள்வதே வழி.

பிளாஷ் மேல் மாட்டும் வெள்ளை பிளாஸ்டிக் மூடி பற்றியும் சொல்ல வேண்டும். சுவரும் சீலிங்கும் உள்ள சின்ன அறையில் அது வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் தெளித்து உதவும். திறந்த வெளியில் அது பாட்டரியைத் தின்பதைத் தவிர எதுவும் செய்யாது. வெளிச்சம் மென்மையாவது வெளிச்சம் வரும் பரப்பு பெரிதாவதால். மூடி போட்டாலும் பரப்பு கை அளவுதானே.

ஆள் பிரகாசம், பின்னணி குகை

தூரம் இரண்டு மடங்கானால் பிளாஷ் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். 1 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில் 2 மீட்டரில் கால் பங்கு, 4 மீட்டரில் பதினாறில் ஒன்று. பின்னணிக்கு பிளாஷ் எட்டாது, அறை வெளிச்சம்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். ஆட்டோ மோடு ஐஎஸ்ஓ 400, 1/60 என்று எதையாவது பிடித்துக்கொண்டு அறை வெளிச்சத்தைச் சாகடித்துவிடுகிறது. பல கேனான் கேமராக்களில் ஆட்டோ ஐஎஸ்ஓவில் பிளாஷைப் போட்டதும் 400-ல் நின்றுவிடும்.

ஷட்டரை 1/200-லிருந்து 1/50-க்கு இறக்கினால் பின்னணி இரண்டு ஸ்டாப் கூடும். ஐஎஸ்ஓவை 400-லிருந்து 1600 ஆக்கினால் இன்னும் இரண்டு. முகத்தில் விழும் பிளாஷை டிடிஎல் தானே குறைத்துக்கொள்ளும்.

அப்பர்ச்சர் மோடில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேனானில் அந்த மோடில் பிளாஷ் போட்டால் கேமரா பின்னணிக்காக ஷட்டரை 1/4 வினாடி வரைகூட இறக்கிவிடும், படம் ஆடிப்போகும். நிக்கானில் ஸ்லோ சின்க் (மெதுவான ஷட்டரோடு பிளாஷ் எரியும் முறை) போடாதவரை 1/60-க்குக் கீழே போகாது, பின்னணி இருண்டுவிடும். ஒரே மோடு, நேர் எதிர்க் குறைகள். இரண்டுக்கும் மேனுவல் மோடே மருந்து.

குரூப் போட்டோவில் முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை இருண்டாலும் இதே கணக்குதான். முன்வரிசை 3 மீட்டர், பின்வரிசை 4.5 மீட்டர் என்றால் இரண்டுக்கும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். நீங்கள் இரண்டு மீட்டர் பின்னே போனால் 5, 6.5 ஆகும், வித்தியாசம் முக்கால் ஸ்டாப்பாகச் சுருங்கும்.

எல்லாமே இருட்டு, பிளாஷ் எரிந்தது போலவே இல்லை

தூரத்தைப் பாருங்கள். கைடு நம்பரை அப்பர்ச்சரால் வகுத்தால் பிளாஷ் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். சின்ன கேமராக்களின் பாப்-அப் பிளாஷுக்குக் கைடு நம்பர் 7 முதல் 12 வரைதான். 9 என்று வைத்துக்கொண்டால், கிட் லென்ஸை ஜூம் செய்து எஃப்/5.6-ல் எடுக்கும்போது ஐஎஸ்ஓ 100-ல் எட்டுவது 1.6 மீட்டர். ஐஎஸ்ஓவை நாலு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்காகும்: 400-ல் 3.2 மீட்டர், 1600-ல் 6.4 மீட்டர். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கி அடிக்கும் பிளாஷ், முன்வரிசைக்காரர்களின் முதுகைத்தான் வெளிச்சமாக்கும்.

தூரம் சரியாக இருந்தும் இருட்டு என்றால் உடையின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை வேட்டி சட்டை, வெள்ளைச் சுவர் இரண்டும் படத்தை நிறைத்தால் டிடிஎல் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் இருண்டுவிடும். +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். கறுப்புக் கோட்டு போட்ட மாப்பிள்ளைக்கு இதற்கு நேர் மாறாகக் குறைக்க வேண்டும்.

படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை

ஷட்டரை சின்க் ஸ்பீடை (பிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) தாண்டி வைத்துவிட்டீர்கள். ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை திறந்து ஓடும், இரண்டாவது திரை பின்னால் வந்து மூடும். 1/200 வரை முழு சென்சாரும் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு, பிளாஷ் அந்தக் கணத்தில் எரியும். 1/500-ல் முதல் திரை ஓடி முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். சென்சாரின் மேல் ஒரு பிளவு மட்டுமே நகர்ந்து போகும். பிளாஷ் எரியும்போது திரை மறைத்திருந்த பகுதி கறுப்புப் பட்டையாகும்.

கேனான் 1500டி, நிக்கான் டி5600 இரண்டுக்கும் எல்லை 1/200. சோனி ஏ6400-க்கு 1/160. கேமராவோடு பேசும் பிளாஷ் மாட்டியிருந்தால் கேமராவே இதைத் தாண்ட விடாது. மேனுவல் பிளாஷ் அல்லது மலிவான டிரிக்கர் மாட்டியிருந்தால் அதற்குத் தெரியாது, நீங்கள்தான் கவனிக்க வேண்டும். 1/200-லேயே ஓரத்தில் மெல்லிய பட்டை தெரிந்தால் டிரிக்கர் கொஞ்சம் தாமதிக்கிறது என்று அர்த்தம், 1/125-க்கு இறங்குங்கள்.

பகலில், வெயிலில்

கண்குழியும் மூக்கின் கீழும் கறுத்து வருகிறதே, பிளாஷ் போட்டும் மாற்றம் இல்லையே என்பது இங்கே உள்ள குறை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 என்றால் அப்பர்ச்சர் எஃப்/11-க்குப் போய்விடும். கைடு நம்பர் 9 உள்ள பாப்-அப் அங்கே 80 சென்டிமீட்டர்தான் எட்டும். நிழலை ஒரு ஸ்டாப் குறைவாக நிரப்பினால் போதும் என்று வைத்தாலும் 1.1 மீட்டர். ஆகவே கிட்டப் போங்கள், அல்லது ஆளை மர நிழலுக்குக் கூட்டி வாருங்கள். அங்கே எஃப்/5.6 போதும், பாப்-அப்பும் −1 காம்பென்சேஷனில் அழகாக வேலை செய்யும். ஹை ஸ்பீடு சின்க் (சின்க் ஸ்பீடைத் தாண்டியும் எரியும் வசதி) உள்ள பிளாஷில் 1/1000 போகலாம். ஆனால் பிளாஷ் தன் சக்தியைத் துடிப்புத் துடிப்பாகப் பிரித்துக் கொடுப்பதால் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் இழப்பு.

கண் சிவக்கிறது, கண் மூடிக்கொள்கிறது

சிவப்பாகத் தெரிவது விழித்திரையின் ரத்த ஓட்டம். பிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் கண்ணுக்குள் போன வெளிச்சம் அதே வழியே திரும்பி வருகிறது. அறை இருட்டானால் கண்மணி விரிந்து இன்னும் மோசமாகும். அறை விளக்குகளை எல்லாம் போடுங்கள், கிட்டப் போய் எடுங்கள், பவுன்ஸ் செய்தால் கேள்வியே இல்லை. ரெட் ஐ குறைக்கும் மோடு முதலில் ஒரு விளக்கைக் காட்டிக் கண்மணியைச் சுருக்கும். அந்த இடைவெளியில் ‘எடுத்தாயிற்று’ என்று எல்லோரும் கலைந்துவிடுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள். பூனை, மாடு, நாய்க்குக் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னுவது விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒளியை எதிரொளிக்கும் படலத்தால். ரெட் ஐ மோடு அதைத் தீர்க்காது, திசையை மாற்றினால்தான் தீரும்.

ஒரே ஆள் எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருந்தால் அவர் மேல் தப்பில்லை. டிடிஎல் உண்மையான பிளாஷுக்கு முன் ஒரு சின்ன அளவுப் பிளாஷ் அடிக்கிறது, அதற்கு அவர் இமை மூடுகிறது. பிளாஷ் எக்ஸ்போஷர் லாக் பட்டனை அழுத்தினால் அளவுப் பிளாஷ் முன்பே அடித்துவிடும். ஒரு மூச்சு விட்டுப் பிறகு படம் எடுங்கள். மேனுவல் பிளாஷில் அளவுப் பிளாஷே கிடையாது.

நிழல்கள்

ஆளுக்குப் பின்னால் சுவரில் கறுப்பு நிழல்: ஆளைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னே நிறுத்துங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது நிழல் பக்கவாட்டில் தள்ளிப்போய் இன்னும் அசிங்கமாகும். அப்படித்தான் பிடிக்க வேண்டுமென்றால் பிளாஷ் ஆள் பார்க்கும் பக்கத்தில் இருக்கட்டும், நிழல் தலைக்குப் பின்னால் போகும்.

படத்தின் அடியில் அரைவட்டமாக ஒரு நிழல் இருந்தால் லென்ஸ் ஹுட் (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு)தான் காரணம். கழற்றிவிடுங்கள். ஹுட் இல்லாமலும் வந்தால் லென்ஸே நீளம். 18-லிருந்து 28 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்யுங்கள்.

பேய் உருவம், பனி போன்ற புள்ளிகள்

கோலாட்டத்திலோ ஓடும் குழந்தையிலோ ஒரு கூர்மையான உருவமும் அதோடு ஒட்டிய மங்கல் உருவமும் தெரிந்தால், பிளாஷ் ஒன்றையும் அறை வெளிச்சம் இன்னொன்றையும் பதிந்திருக்கிறது. ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓவைக் குறைத்து அறை வெளிச்சத்தை இரண்டு மூன்று ஸ்டாப் அடக்குங்கள். மங்கல் வேண்டும், ஆனால் அது ஆளின் பின்னால் இழுபட வேண்டும் என்றால் ரியர் கர்ட்டன் சின்க் (இரண்டாவது திரை மூடுமுன் பிளாஷ் எரியும் முறை) போடுங்கள்.

வெள்ளை உருண்டைப் புள்ளிகள் தூசியும் மழைத்துளியும்தான். லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் மிதக்கும் தூசிக்கு, இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைவிடப் பல பத்து மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது. ஹோமப் புகையிலும் சாம்பிராணியிலும் நேர் பிளாஷ் வெள்ளைத் திரை போட்டுவிடும். அங்கே பிளாஷை அணைப்பதே சரி, அல்லது பக்கவாட்டு ஸ்டாண்டிலிருந்து அடிக்க வேண்டும்.

கண்ணாடி, விளக்கு, நிறம்

மூக்குக் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு விழுந்தால் முகவாயைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே அரை அங்குலம் தூக்கச் சொல்லுங்கள். சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டப் படத்தை நேரே நின்று எடுக்காமல் 30 டிகிரி பக்கம் நகர்ந்து எடுங்கள்.

குத்துவிளக்கு ஏற்றும் படத்தில் பிளாஷ் அடித்தால் சுடரின் பொன் வெளிச்சம் செத்துவிடும், முகம் நீலமாகத் தெரியும். பிளாஷ் 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் அலகு; எண் குறைந்தால் மஞ்சள் கூடும்), சுடர் 2000-க்கும் கீழே. ஆரஞ்சு நிற சிடிஓ ஜெல் காகிதத்தை பிளாஷ் மேல் ஒட்டி, ஒயிட் பேலன்ஸை 3200-ல் வைத்து, காம்பென்சேஷனை −2-க்கு இறக்கினால் பிளாஷ் இருப்பதே தெரியாது. நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்இடி டியூப் பெரும்பாலும் 6500 கெல்வின். பிளாஷோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும், அங்கே ஜெல் தேவையில்லை.

பிளாஷ் எரியவே இல்லை

இந்த வரிசையில் பாருங்கள். சைலன்ட் ஷட்டர் போட்டிருக்கிறதா? பெரும்பாலான கேமராக்களில் அதில் பிளாஷ் எரியாது. பிளாஷின் கால் ஹாட் ஷூவில் (கேமராவின் மேலே பிளாஷ் மாட்டும் இடம்) கடைசி வரை போய்ப் பூட்டியிருக்கிறதா? உலோக முனைகள் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள், துகள் உள்ளே விழாமல்.

இதெல்லாம் சரி, புது மேனுவல் பிளாஷ், கேனான் 1500டி, 3000டி அல்லது 200டி மார்க் 2, அப்போதும் எரியவில்லை என்றால் ஹாட் ஷூவை உற்றுப் பாருங்கள். மற்ற கேமராக்களில் சதுரத்தின் நடுவில் பெரிதாக ஒரு வட்ட முனை இருக்கும். இந்த மாடல்களில் அந்த நடு முனையையே கேனான் எடுத்துவிட்டது, ஓரத்தில் உள்ள சின்ன முனைகள் மட்டுமே இருக்கின்றன. ஒற்றை முள் கொண்ட கோடாக்ஸ் டிடி600 போன்ற பிளாஷ்கள் அந்த நடு முனை வழியாகத்தான் எரியும். கேமராவும் பழுதில்லை, பிளாஷும் பழுதில்லை, இரண்டுக்கும் பேச வழியில்லை. இந்த கேமராக்களுக்கு கேனானுக்கென்று வரும் டிடிஎல் பிளாஷைத்தான் வாங்க வேண்டும். வாங்குமுன் கடையிலேயே மாட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

வீட்டுப் பரணில் கிடந்த ஃபிலிம் காலத்துப் பிளாஷை டிஜிட்டல் கேமராவில் மாட்ட வேண்டாம். அவற்றில் சிலவற்றின் காலில் 200 வோல்ட்டுக்கு மேல் வரும், கேமராவின் சர்க்யூட் எரிந்துவிடும். பிளாஷைக் கழற்றிப் பார்ப்பதும் கூடாது. உள்ளே உள்ள கெப்பாசிட்டர் பாட்டரியை எடுத்த பிறகும் 300 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும்.

ஒரு படம் வெளிச்சம், அடுத்த படம் இருட்டு

பிளாஷ் நிரம்புவதற்குள் அழுத்திவிட்டீர்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல் பிளாஷுக்கு ஆகாது. ஆல்கலைன் செல் ஆரம்பத்தில் ஓடும், பிறகு ஒவ்வொரு படத்துக்கும் பத்து வினாடி காக்க வைக்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு சார்ஜ் செல், 2000 எம்ஏஎச் அளவில், நாலு செல் பிளாஷுக்குள், இன்னும் நாலு செல் பையில் இருக்கட்டும். 1.2 வோல்ட்தானே என்று தயங்க வேண்டாம், மின்சாரத்தைச் சட்டென்று கொட்டும் திறன் அதற்குத்தான் அதிகம். நாலையும் ஒன்றாகவே சார்ஜ் செய்து ஒன்றாகவே பயன்படுத்துங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

தாலி கட்டும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே செல்லை மாற்றிவிடுங்கள், மிச்சம் இருந்தாலும் சரி. ஐஎஸ்ஓவை ஒரு படி ஏற்றினால் பிளாஷ் பாதிச் சக்தியில் வேலை முடித்து, கெட்டிமேளத்துக்குள் ஐந்தாறு படம் தரும். முழுச் சக்தியில் விடாமல் இருபது முப்பது படம் அடித்தால் சூடேறி பிளாஷ் தானே நின்றுவிடும். கெட்டுப்போகவில்லை, பத்து நிமிடம் ஆறட்டும்.

பிளாஷ் கூடாத இடத்தில் தானே எழும்பி எரிகிறது

கருவறை, அஜந்தா போன்ற ஓவியக் குகைகள், பரதநாட்டிய மேடை இவற்றில் பிளாஷ் போடவே கூடாது. ஆடுபவரின் கண் ஒரு கணம் கூசினால் அடி தப்பும். ஆட்டோ மோடில் இருட்டைக் கண்டதும் பாப்-அப் நம்மைக் கேட்காமல் எழும். உள்ளே போகுமுன்பே மோடு டயலை ‘பி’-க்குத் திருப்புங்கள், அதில் பட்டனை அழுத்தினால் ஒழிய எழாது. ஃபோக்கஸுக்கு உதவும் முன்விளக்கையும் மெனுவில் அணைத்துவிடுங்கள், இருட்டு அரங்கில் அதுவும் கண்ணைக் குத்தும்.